ஓய்வு நாளும் மிதிவண்டியும்

ஆறு நாள் உழைத்தவருக்கு ஏழாம் நாள் எதன் பொருட்டு என்று வினவினால், உறங்குதற்பொருட்டு என்பர் சிலர். மிஞ்சிய வேலையை முடித்தற்பொருட்டு என்பர் வேறு சிலர். இவ்விரண்டுமன்றி மூன்றாவது விடையொன்றும் உண்டு. தனக்கென ஒரு நாழிகை, ஏவுவாரின்றி, வேண்டிய வழியிற் போய் மீளுதற்பொருட்டு என்பதே அவ்விடை. அதனைக் கூறும் உரிமை ஆடவர்க்கு இருத்தல் போலப் பெண்டிர்க்கும் இருத்தல் வேண்டும் என்பதே இச்சிறு கட்டுரையின் கருத்தாகும்.

நமது கலாசாலையிற் பயின்று வெளியேறிய நாங்கள் நால்வர், உத்தியோகத்தின் நிமித்தம் ஆலங்குடியில் வசிக்கின்றோம். எங்களுள் இருவர் உபாத்தியாயர், ஒருவர் கணக்கெழுதுபவர், மற்றொருவர் இயந்திரம் பழுது பார்ப்பவர். திங்கள் முதல் சனி வரை எங்கள் காலம் எங்களுடையதன்று. காலையில் வீடு விட்டால் மாலை விளக்கேற்றும் வேளையிலேதான் திரும்புகின்றோம். நாற்காலியிலும் பேருந்திலும் அமர்ந்தமர்ந்து முதுகு வளைந்து வருதலைக் கண்டு, ஈராண்டுகளுக்கு முன்னர் ஒரு நியமம் செய்துகொண்டோம். சனிக்கிழமை மாலையில் வண்டிகளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, சக்கரங்களுக்குக் காற்றடைத்து வைத்துவிட வேண்டும். ஞாயிறன்று வைகறை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பதே அந்நியமம். மழை நாளும் மணநாளும் ஒழிய இதனை வழுவாது நடத்தி வருகின்றோம்.

எங்கள் ஊரைச் சுற்றிலும் மிதிவண்டிக்கு ஏற்ற வழிகள் உள்ளன. மேற்கே புதுக்கோட்டைச் சாலையிற் சென்றால் வம்பனில் பயறு வகைகளை ஆராயும் பண்ணையைக் காணலாம். அங்கே தோன்றிய உளுந்து விதைகள் வம்பன் என்னும் பெயரோடே நாடெங்கும் விதைக்கப்படுகின்றன. அதற்கப்பால் பழைய கோயிலையுடைய திருவரங்குளம். கிழக்கே திரும்பினால் வடகாடு, கீரமங்கலம் முதலிய ஊர்கள். செம்மண் நிலமும், பலாவும், தென்னையும், மல்லிகைத் தோட்டங்களும் இருமருங்கும் விளங்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் அப்பக்கத்துத் தோப்புகள் ஓரிரவில் வீழ்ந்தன. அதன் பின்னர் நட்ட கன்றுகள் தலையெடுத்து வருதலை வாரந்தோறும் கண்டு மகிழ்தல் எங்கள் ஓய்வு நாளின் பயன்களுள் ஒன்று. பேருந்திற் செல்வோர் மரத்தைக் காண்பர். மிதிவண்டியிற் செல்வோர்க்கு அது சென்ற வாரத்தினும் எத்துணை வளர்ந்துளது என்பதும் தெரியும்.

நிற்க. இந்த ஏழாம் நாள் நமக்குத் தானே வந்து எய்தியதன்று என்பதை நாம் மறத்தலாகாது. இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டின் சட்டமே நெசவாலைகளிற் பெண்டிரும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை நிறுத்த வழி செய்தது. நம் நாட்டில் பம்பாய் ஆலைத் தொழிலாளர், நாராயண் மேகாஜி லோகண்டே என்பாரின் தலைமையில் பல்லாண்டு மன்றாடி 1890-ஆம் ஆண்டில் ஞாயிறு விடுமுறையைப் பெற்றனர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையைக் கட்டாயமாக்கியது. இங்ஙனம் அரிதிற் பெற்ற நாளை உழைப்பாளர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதும் அறியத்தக்கது. 1885-இல் ஸ்டார்லி என்பார் இரு சக்கரமும் ஒத்த அளவினதாகிய வண்டியை அமைத்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தைக் கண்டார். இவற்றின் பின்னர் வண்டி ஓட்டுதற்கு எளிதாயிற்று. நாளடைவில் விலையும் குறைந்தது. 1894-இல் பர்மிங்ஹாம் நகரத்து இளைஞர் சிலர் 'கிளாரியன்' என்னும் வாரத்தாளின் பெயரால் ஒரு மிதிவண்டிக் கழகம் கண்டனர். வாரமெல்லாம் புகை சூழ்ந்த நகரில் உழைத்தவர்கள் வார இறுதியில் நாட்டுப்புறச் சாலைகளை நாடினர். ஆதலின் உழைப்போர் ஓய்வும் மிதிவண்டியும் ஒன்றற்கொன்று அணுக்கமுடையனவாக வளர்ந்தன எனலாம்.

ஓய்வு நாளில் மட்டும் உடம்பை அசைத்தலால் யாது பயன் என்று வினவுவோர் உளர். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் 150 நிமிஷமேனும் மிதமான தேகப்பயிற்சி செய்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்துளது. அதனை நாள்தோறும் பகிர்ந்து செய்யவியலாதவர் ஓரிரு நாளில் சேர்த்துச் செய்யினும் நற்பயன் உண்டு என்பதை, இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் 63,000-க்கு மேற்பட்டோரைப் பற்றி ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவொன்று காட்டிற்று. ஆகவே உத்தியோகஸ்தர் தமக்கு நேரமில்லை என்று கூறி இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எங்கள் கணக்குப்படி ஞாயிறன்று இரண்டரை மணி நேரமே செலவாகின்றது. அஃது 150 நிமிஷந்தான்.

இதுகாறும் கூறியது எங்கள் நன்மை. இனிக் கூறப்போவது எங்கள் நாணம்.

சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகாட்டுச் சாலையில் ஒரு தேநீர்க் கடையருகே வண்டிகளை நிறுத்தியிருந்தோம். சாலையிற் சென்ற மிதிவண்டிகளை எங்களுள் ஒருவர் விளையாட்டாக எண்ணத் தொடங்கினார். அரைமணி நேரத்தில் இருபதுக்குக் குறையாத வண்டிகள் சென்றன. அவற்றுட் பாதிக்குமேற் பெண்டிர் ஓட்டியவை. ஆனால் வெறும் வண்டியோடு சென்ற பெண் ஒருத்தியுமில்லை. ஒருத்தியின் பின்னிருக்கையில் பூக்கூடை; ஒருத்திக்குப் புற்கட்டு; ஒருத்திக்குத் தண்ணீர்க் குடம்; ஒருத்திக்கு முன்னொரு குழந்தையும் பின்னொரு குழந்தையும். ஆடவருள்ளோ எங்களைப் போன்று வெறுமனே காற்று வாங்கச் சென்றவர் சிலர் இருந்தனர். ஞாயிறு எங்களுக்கு வந்தது போல அப்பெண்களுக்கு வரவில்லை என்பது அன்றுதான் எங்கள் கண்ணிற் பட்டது. அதுவரை ஒன்றரை ஆண்டு அதே சாலையிற் சென்றும் அதனைக் கண்டோமில்லை.

இஃது எவ்வூரில் நிகழினும் வருந்தத்தக்கதே. ஆயினும் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்தல் மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனின், பெண்டிரும் மிதிவண்டியும் என்னும் பொருளில் உலகத்தார் வியந்து நோக்கிய நாடு இதுவே. 1991-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறியாதார்க்கு எழுத்தறிவித்தல் அதன் நோக்கம். தொண்டு செய்வோர் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். அவருட் பெரும்பாலோர் பெண்டிர். பேருந்து செல்லாத ஊர்களோ பல. அப்பொழுது மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், மிதிவண்டி பயிற்றுதலையும் அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாக்கினார். பெண்கள் வண்டி வாங்கக் கடன் பெறவும் வழி செய்யப்பட்டது. ஆசிரியைகள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், களத்துமேட்டிற் கூலி வேலை செய்வோர், கல்லுடைப்போர் எனப் பலதிறத்தாரும் பயின்றனர். பெண்களுக்குரிய வண்டிகள் கடைகளிற் போதாமையால் குறுக்குக் கம்பியுள்ள ஆடவர் வண்டிகளையே ஓட்டினர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய வண்டிகளில் மணியொலித்துப் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். பொதுக் களங்களில் தம் திறமையைக் காட்டிய பெண்கள் 70,000-க்கு மேற்பட்டவர் என்று பத்திரிகையாளர் சாயிநாத் தாம் 1996-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் எழுதிய அவ்வரலாறு இந்தி மொழியில் வடநாட்டு எட்டாம் வகுப்பு மாணவர்க்குப் பல்லாண்டுகள் பாடமாயிருந்தது. நம் அன்னையர் வண்டியோட்டக் கற்ற கதையை யமுனைக்கரைச் சிறுவர் படித்தனர். நாமோ அதனை முற்றும் மறந்தோம்.

எங்களுள் ஒருவருக்குச் சின்னம்மா முறையாகும் ஓர் அம்மையார் அக்காலத்திற் கற்றவர். இப்பொழுது அறுபது வயதைக் கடந்தவர். பகலில் ஊரார் நகைப்பர் என்றஞ்சி, இரவில் பள்ளிக்கூடத் திடலில், அறிவொளி வகுப்பு முடிந்த பின்னர், வாடகைக்கு எடுத்த வண்டியில் குறுக்குக் கம்பிக்குக் கீழே கால் நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பயின்றாராம். முழங்காலிற் பட்ட வடு இன்னும் உளது. நாங்கள் எண்ணிய எண்ணத்தை அவரிடம் ஒரு நாள் வெளியிட்டோம். அவர் சற்று நேரம் வாளாவிருந்து பின்னர்க் கூறினார்: "தம்பிகளா, முப்பது வருஷம் மிதிச்சிருக்கேன். ஒரு நாளாவது சும்மா மிதிச்சதில்லை."

இவ்வொரு வாக்கியம் எங்களைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அவர் வீட்டிலிருந்து பூ வாங்குமிடம் 4 கிலோமீட்டர். தலைச்சுமையோடு நடந்தபொழுது ஒரு மணி நேரமாயிற்று. மிதிவண்டியில் 20 நிமிஷமாயிற்று. போகவும் வரவும் நாளொன்றுக்கு 80 நிமிஷம் மிச்சம். ஆண்டிற்கு 300 நாள் சென்றாரெனக் கொள்ளின், மிச்சமான காலம் 400 மணி நேரம். இந்த 400 மணி நேரமும் எங்கே போயிற்று? அவரே கூறினார். வண்டி வந்தபின் தண்ணீர் எடுத்து வருதல் அவர் வேலையாயிற்று. முன்னர் அதனைக் கணவரும் மகனும் பகிர்ந்து செய்தனர். மாட்டுக்குப் புல், ரேஷன் கடை, பேரனைப் பள்ளியிற் சேர்த்தல், மருத்துவமனைக்கு மாமியாரை ஏற்றிச் செல்லல் யாவும், "உனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியுமே" என்னும் ஒரு சொல்லால் அவர்மேல் வந்து சேர்ந்தன. வண்டி ஈட்டிக் கொடுத்த காலத்தை வீடு எடுத்துக்கொண்டது.

இதனால் மிதிவண்டி பயனற்றது என்று நாங்கள் கூறவில்லை. அச்சின்னம்மாவே அதற்கு உடன்படார். பிறர் துணையை எதிர்பாராது சந்தைக்குச் சென்று தம் பூவைத் தாமே விலை பேசியதும், இடைத்தரகரை விட்டொழித்ததும், நள்ளிரவில் குழந்தைக்கு நோய் வந்தபோது தாமே ஏற்றிச் சென்றதும் அவர் பெருமையுடன் கூறுவன. ஆயினும் வேலைக்குச் செல்லும் உரிமை பாதி உரிமையே. வேலையில்லாதபோது செல்லும் உரிமை மற்றைப் பாதி. முதற் பாதியை 1991-ஆம் ஆண்டினர் பெற்றுத் தந்தனர்; பிற்பாதி இன்னும் நிலுவையில் உளது. அதனைத் தீர்க்க வேண்டியவர் நாம்.

இதற்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. முதலாவது, வயலிலும் வீட்டிலும் நாள் முழுதும் உழைப்பவளுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்பது. இவ்வினா ஒருவகையில் நேரியதே. நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்யும் எங்களுக்கு வேண்டிய மருந்து அவளுக்கு வேண்டுவதன்று. ஆனால் நாங்கள் அவளுக்காகக் கேட்பது பயிற்சியன்று, ஓய்வு. ஓய்வாவது கட்டிலிற் கிடத்தல் மாத்திரமன்று. யாரும் ஏவாத வழியிற் போதலும் ஓய்வே. சுமையேற்றாத வண்டியை மிதித்தல் அவளுக்கு உழைப்பாகத் தோன்றுமோ, இன்பமாகத் தோன்றுமோ என்பதை அவளே ஓட்டிப் பார்த்துக் கூறட்டும். நாம் முன்னதாகத் தீர்ப்புக் கூறுதல் தகாது.

இரண்டாவது, காலம் மாறிவிட்டது, ஸ்கூட்டர் வந்துவிட்டது, மிதிவண்டி ஏழையின் வண்டி என்பது. ஸ்கூட்டரில் ஒரு பெண் தன் விருப்பத்திற்குச் செல்லின் அதனையும் நாங்கள் வாழ்த்துவோம். ஆனால் பெட்ரோலுக்குக் காசு வேண்டும். அக்காசு பெரும்பாலும் வேறொருவர் சட்டைப் பையில் உளது. மிதிவண்டி எவர் கையையும் எதிர்பாராது. ஒரே தூரத்தை நடந்து கடக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். அதனை ஏழையின் வண்டி என்று இகழ்வோர், ஏழைக்கும் வசப்படும் வண்டி என்று புகழ்தலே முறை.

மூன்றாவது, வயது சென்ற மாதர் இங்ஙனம் செல்லுதல் நகைப்புக்கிடம் என்பது. அமெரிக்க நாட்டில் மாதர் முன்னேற்றத்திற்கு உழைத்த பிரான்ஸெஸ் வில்லார்டு அம்மையார் தம் 53-ஆம் வயதில் மிதிவண்டி பயின்று, 1895-இல் அப்பயிற்சியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அத்துணைத் தொலைவு போவானேன்? 1991-ஆம் ஆண்டில் நம்மூர்ப் பெண்களைக் கண்டும் நகைத்தவர் உளர். ஓராண்டுக்குள் அந்நகைப்பு அடங்கிற்று, மணியொலி நின்றது. நகைப்புக்கு அஞ்சியிருந்தால் ஒருவரும் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நாங்கள் விடுக்கும் வேண்டுகோள்கள் சில. அவை பெரியனவல்ல, பணம் வேண்டுவனவுமல்ல.

நீவிர் விடுமுறைக்கு வீடு செல்லும்போது, ஞாயிறு காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அடுப்படியும் தண்ணீர்க் குடமும் உம்முடையன என்று கூறிவிடுமின். தோசை கருகினால் கருகட்டும், பழகினால் திருந்தும். இஃது இன்றேல், அன்னையை நோக்கி "உலாவச் செல்க" என்று கூறுதல் வெறும் உபசாரமாகும். எங்கள் நால்வருள் மூவர் இதனைக் காலந்தாழ்த்தே கற்றோம் என்பதையும் ஒளியாது உரைக்கின்றோம். நாங்கள் சென்ற உலாக்களின் விலையை ஒன்றரை ஆண்டு எங்கள் மனைவியர் அடுப்படியிற் செலுத்தினர்.

அடுத்து, தமிழ்நாட்டு அரசினர் பள்ளி மாணவியர்க்கு விலையின்றி வழங்கும் மிதிவண்டியைப் பற்றி ஒரு சொல். 2001-ஆம் ஆண்டளவில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய அத்திட்டம் பின்னர் ஏனைய மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. அவ்வண்டி, மாணவி பள்ளிப்படிப்பை முடித்தவுடன் தம்பிக்குச் செல்கின்றது. அல்லது திண்ணையிற் சாய்ந்து துருவேறுகின்றது. சிலவிடத்து விற்கவும் படுகின்றது. திருமணமாகிச் செல்லும் பெண்ணோடு பாத்திரமும் பண்டமும் வண்டியேற்றி அனுப்பும் நாம், அவள் பெயரால் வந்த மிதிவண்டியை மட்டும் ஏன் நிறுத்திக்கொள்கின்றோம்? அவள் வண்டி அவளோடு செல்லட்டும்.

இறுதியாக, சாலை. பெரிய வண்டிகள் விரையும் சாலையில் வைகறை இருளில் மிதிவண்டி செலுத்துதல் அச்சந்தருவதே. அதனை நாங்கள் மறைக்கவில்லை. சாலையோரத்து முட்செடிகளை வெட்டி, மண் விளிம்பைச் சமன்படுத்தி, ஊர் எல்லை வரை விளக்கிட்டால் போதும். மிதிவண்டியிற் செல்வோர் பலராயினால் ஊர் நிர்வாகத்தாரும் செவி சாய்ப்பர். அதுகாறும் பின்புறத்திற் சிவப்பு விளக்கும், இருவர் மூவராய்ச் சேர்ந்து செல்லும் வழக்கமும் காப்பாகும்.

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிறன்று அச்சின்னம்மாவை எங்களோடு வருமாறு அழைத்தோம். முதலில் மறுத்தார், பின்னர், "வம்பன் நால்ரோடு வரைக்கும் வாரேன்" என்று உடன்பட்டார். பின்னிருக்கையில் கூடையில்லை, கயிறுமில்லை. பனி விலகாத சாலையில் எங்களுக்கு முன்னே சென்றார். ஒரு கல் தொலைவு செல்வதற்குள் இருமுறை திரும்பிப் பின்னிருக்கையைத் தொட்டுப் பார்த்தார். யாதென்று வினவினோம். "ஏதோ விழுந்துட்ட மாதிரி இருக்கு" என்றார். விழுந்தது ஒன்றுமில்லை, முப்பதாண்டுச் சுமை அன்று அங்கில்லாமையே அவருக்குப் புதுமையாயிருந்தது. மூன்றாம் முறை அவர் திரும்பவில்லை.

அவர் இப்பொழுது மாதத்தில் ஒரு ஞாயிறு வருகின்றார். அண்டை வீட்டு மாதர் இருவரும் உடன் வருகின்றனர். நான்கு ஞாயிறும் அவர்களுக்கு உரியனவாகும் காலம் எக்காலமோ, அக்காலமே அறிவொளி ஏற்றிய விளக்கு முழுதும் எரியத் தொடங்கும் காலமாகும். அதற்கு வேண்டும் எண்ணெயை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவரும் வார்ப்போமாக.